பலகையை அழித்த சாயங்காலம்

நீங்கள் போனில் அனுப்பிய பாட்காஸ்ட் பட்டியலில் மூன்றைக் கேட்டு முடித்துவிட்டேன். முதலாவதில் இரண்டு பேர் பேசிப் பேசிச் சிரிக்கிறார்கள். எதற்கு என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டாவது பேய்க்கதை. சொல்கிறவர் கெட்டிக்காரர். கேட்ட பிறகு, கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேனா என்று இரண்டு தரம் எழுந்து போய்ப் பார்த்தேன். மூன்றாவதில் ஒரு பெண் மண்புழுவைப் பற்றி இருபது நிமிஷம் பேசுகிறாள். அது உசத்தி. எங்கேயும் அவசரப்படவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறாள்.

"பதிலுக்கு உங்க லிஸ்ட்டு வேணும் சார். அந்தக் காலத்து ரேடியோல எதெது நல்லா இருக்கும்னு எழுதிக் குடுங்க" என்று கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். ஆனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் மைக் அறைக்குள் உட்காரப் போகிறவர்கள் நீங்கள். எத்தனையோ ஆயிரம் பேர் உங்கள் குரலை நம்பி நடப்பார்கள். அதனால் பட்டியலோடு சேர்த்து என் தப்பு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. சொன்னாலும் வராது, அது வேறு விஷயம்.

எட்டாவது பாதியில் என் படிப்பு நின்றுபோனது. நகராட்சி எலெக்ட்ரீஷியனுக்கு ஏணி பிடிக்கப் போனவன், எழுபதுகளின் நடுவில் பூங்கா ரேடியோ அறைக்கு வந்து சேர்ந்தேன். உங்களில் பாதிப் பேருக்கு அப்படி ஓர் அறை இருந்ததே தெரியாது. எட்டடிக்கு எட்டடி கட்டடம். உள்ளே பெரிய வால்வு ரேடியோ, பக்கத்தில் ஆம்பிளிஃபயர். வெளியே கம்பத்தில் நாலு திசைக்கு நாலு குழாய் ஸ்பீக்கர். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம் நான் ரேடியோ வைக்க வேண்டும். ஊர் புல்தரையில் உட்கார்ந்து கேட்கும். வீட்டில் ரேடியோ வைத்திருப்பவர்கள் கம்மி. கடலைக்காய் மூட்டையை மண்டியில் போட்டுவிட்டு வருகிறவர்கள், ஆபீஸ் விட்டு வருகிறவர்கள், மருமகளோடு சண்டை போட்டுவிட்டு வருகிறவர்கள் என்று எல்லாரும் அங்கேதான்.

பூங்கா வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. அதில் ரேடியோ நேரம் மட்டும் எழுதினால் போதும் என்பது உத்தரவு. நான் அதற்குக் கீழே 'இன்று கேட்கத் தக்கவை' என்று போட்டு, தினமும் மூன்று நிகழ்ச்சிகளின் பெயரை எழுதுவேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. நிகழ்ச்சி நிரல் புத்தகம் அறைக்கு வரும்; அதைப் படித்துப் படித்து எனக்கே ஓர் ஆசை. எழுதிவிட்டு அப்புறம் கவலைப்படுவேன். மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையிலிருந்து ஒருத்தர் என் பலகையை நம்பி நாடகம் கேட்க நடந்து வந்து, நாடகம் சப்பென்று இருந்தால் என்ன பண்ணுவது? நாடகம் ஓடும்போது நான் ரேடியோவைக் கேட்பதைவிடப் புல்தரையில் இருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பதுதான் ஜாஸ்தி.

சரி, பட்டியல். காலையில் நிலையம் திறப்பதற்கு முன்னால் ஒரு மெட்டு திரும்பத் திரும்ப வரும். அதை நிகழ்ச்சி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லுவேன். மலை மேல் வெளிச்சம் விழுகிற நேரமும் அந்த மெட்டும் எனக்கு ஒன்றாகவே ஞாபகம் இருக்கின்றன. சாயங்காலம் விவசாயிகளுக்கான நிகழ்ச்சி. அதில் மாமா, மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டு இரண்டு பேர் உரம் பற்றிப் பேசுவார்கள். "இவனுங்க ரெண்டு பேரும் ஒருநாளாவது கழனிக்குப் போயிருப்பானுங்களா" என்று நம் ஆட்கள் திட்டுவார்கள். திட்டிக்கொண்டே ஒரு வார்த்தை விடாமல் கேட்பார்கள். அப்புறம் காணாமல் போனவர்கள் பற்றிய அறிவிப்பு. 'மாநிறம், இடது கன்னத்தில் மச்சம்' என்று வாசிக்கும்போது பூங்காவில் பக்கத்தில் இருப்பவனின் கன்னத்தைத் திரும்பிப் பார்க்காதவர் கிடையாது. விடுமுறை நாள் நாடகம், நேயர் விருப்பப் பாட்டு, இவையெல்லாம் உண்டு. இலங்கையிலிருந்து வருகிற பாட்டு நிகழ்ச்சிகள் இன்னும் ஜோர். ஆனால் பூங்காவில் சென்னை நிலையத்தைத் தவிர வேறு வைக்கக் கூடாது. அதை வாசலுக்கு எதிரே ரஹீம் பாயின் தையல் கடையில் போய்க் கேட்பேன். பாயிடம் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் ஒன்று இருந்தது. மிஷின் ஓடும் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்பதால் கேட்பவர்கள் எல்லாரும் அதன் மேல் கவிழ்ந்து நிற்போம்.

எல்லாவற்றுக்கும் மேலே, மாலை ஏழேகால் மணிச் செய்தி. அதற்கு மட்டும் பலகையில் இடம் ஒதுக்கியதில்லை. எழுதினாலும் எழுதாவிட்டாலும் வருவார்கள்.

இப்போது தப்புக்கு வருகிறேன்.

எழுபதுகளின் கடைசிப் பக்கம். ஒரு பெரிய தலைவர் உடம்பு சரியில்லாமல் சென்னையில் ஆஸ்பத்திரியில் இருந்தார். பெயர் வேண்டாம். ஊரே காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கடை மூடும், பஸ் நிற்கும், கல் பறக்கும்; அது எல்லாருக்கும் தெரியும். நான்கு நாளாகப் பூங்காவில் கூட்டம் இரட்டிப்பு.

எங்கள் ரேடியோ அறைக்காரர்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. பெரிய தலைவர் காலமானால் நிலையம் உடனே வாயைத் திறக்காது. நடந்துகொண்டிருக்கும் நிகழ்ச்சியைச் சட்டென்று நிறுத்திவிட்டு, அறிவிப்பு எதுவும் இல்லாமல் வீணையோ ஷெனாயோ வைத்துவிடும். மேலிடத்திலிருந்து தகவல் உறுதியான பிறகுதான் அறிவிப்பு வரும். இதை நான் இரண்டு தரம் கண்ணால் பார்த்தவன். காதால் கேட்டவன் என்று சொல்ல வேண்டும்.

அன்று பலகையில் முதல் வரியாக, ஐந்தரை மணிக்கு நேயர் விருப்பம் என்று எழுதியிருந்தேன். வாசலில் வழக்கம்போல அஞ்சலை அக்கா வேகவைத்த கடலைக்காய் விற்றுக்கொண்டிருந்தார். அடி அண்ணாமலைக்காரர். அன்று மட்டும் சீக்கிரமே கூடையைக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகள் வசந்தா, கையில் துணிப்பை, இஸ்திரி போட்ட புடவை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவளுக்கு வேலூரில் நர்ஸ் பயிற்சிக்கு நேர்காணல். அப்போது நமக்கு ஜில்லா தலைநகரம் வேலூர்தான். ஆறு மணி பஸ்ஸில் தாயும் மகளும் போய், சொந்தக்காரர் வீட்டில் தங்கிக் காலையில் போவதாக ஏற்பாடு. போன வருஷம் தபால் தாமதமாக வந்து நேர்காணல் கைவிட்டுப் போயிருந்தது. இந்த வருஷமும் போனால் வயது தாண்டிவிடும்.

"நீயே சொல்லு ரேடியோக்காரரே, இவ மூஞ்சிய பாத்தா நர்ஸு மாதிரி இருக்குதா? ஊசிய கண்டா இவதான் மொதல்ல ஓடுவா" என்றார் அக்கா.

"அது போடறவங்களுக்கு வலிக்காதும்மா" என்றாள் வசந்தா.

ஐந்தரைக்கு நேயர் விருப்பம் ஆரம்பித்தது. ஒரு பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டு நடுவில் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வீணை.

ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், அறிவிப்பு இல்லை. வீணை மட்டும் போகிறது. அதுவும் அழுகிற ராகமாக எனக்குக் கேட்டது. ராகம் என்ன என்று எனக்குத் தெரியாது. பயந்தவன் காதுக்கு எல்லாமே அழுகிற ராகம்தான். எனக்கு வந்த யோசனை இதுதான்: தலைவர் போய்விட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் சொல்லிவிடுவார்கள். அந்த நேரத்தில் வாசல் பலகையில் 'நேயர் விருப்பம், கேட்கத் தக்கது' என்று கொட்டை எழுத்தில் இருந்தால், தலைவர் செத்த நாளில் சினிமாப் பாட்டுக்குக் கூப்பிடுகிறான் என்று என்னை அடிப்பார்கள்.

ஓடிப்போய் ஈரத்துணியால் பலகையை அழித்தேன். முழுசாக அழித்தேன், ரேடியோ நேரம் உட்பட. ஒரு வார்த்தை யாரிடமும் பேசவில்லை. என்ன ஆச்சு என்று ஒருவர் கேட்டதற்கும் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு அறைக்குள் போய்விட்டேன். பேசாமல் இருப்பது ஜாக்கிரதை என்று நினைத்தேன்.

நான் அறைக்குள் போய்ச் சேருவதற்குள் பூங்காவில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். "ரேடியோக்காரன் பலகைய அழிச்சுட்டான்." அவ்வளவுதான் தேவைப்பட்டது. தெருவில் கடைகளின் ஷட்டர் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தம் கேட்டது. ரஹீம் பாய் மிஷினைக் கடைக்குள் இழுத்தார். யாரோ ஒருவன் சைக்கிளில் கத்திக்கொண்டே பஸ் ஸ்டாண்டு பக்கம் போனான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களின் செருப்புகள் புல்லில் கிடந்தன.

பூங்கா காலியான பிறகு வீணை நின்றது. அறிவிப்பாளரின் குரல், எப்போதும் போலச் சாவகாசமாக வந்தது. "தடங்கலுக்கு வருந்துகிறோம். நேயர் விருப்பம் தொடர்கிறது." விட்ட இடத்திலிருந்து பாட்டு ஆரம்பித்தது. நிலையத்தில் ஏதோ கருவிக் கோளாறு. இடைவெளியை நிரப்ப வீணை வைத்திருக்கிறார்கள். நாலு ஸ்பீக்கரும் நாலு திசைக்கும் பாடின. கேட்க ஓர் ஆள் இல்லை.

நான் அறைக்குள் நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். அப்போதுதான் அஞ்சலை அக்கா கூடையும் பையுமாகத் திரும்பி வந்தார். பின்னால் வசந்தா. அவள் அழவில்லை, ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸ எடுக்க மாட்டேன்றான். தலைவர் போய்ட்டாராம். கேட்டா ரேடியோக்காரரே சொல்லிட்டாருன்றான். நீ சொன்னியா?"

"நான் ஒண்ணும் சொல்லலக்கா."

"பலகைய அழிச்சியா?"

"அழிச்சேன்."

"அப்ப அது சொன்ன மாதிரிதானே?"

ஆம்பிளிஃபயரோடு ஒரு மைக் உண்டு. குடியரசு தினத்தன்று நகராட்சி கமிஷனர் பேசுவதற்கு. மற்ற நாளில் அதைத் தொடவே கூடாது என்று உத்தரவு. ரேடியோ வைப்பவன் பேசக் கூடாது. தவிர, என்ன பேசுவது? தலைவர் நன்றாக இருக்கிறார் என்று சொல்லலாமா? எனக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லி முடித்த பத்தாவது நிமிஷம் நிஜமாகவே செய்தி வந்துவிட்டால்? சாகவில்லை என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. செத்தார் என்பதற்கும் இல்லை. அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது, ஆதாரம் இல்லாத அந்த ஒன்றைத்தான் ஊரெல்லாம் ஏற்கெனவே பரப்பிவிட்டேன் என்று.

பாட்டை நிறுத்தி மைக்கை எடுத்தேன். நான் பேசியது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அதற்குப் பிறகு எத்தனையோ ராத்திரி அதைத் திருத்தித் திருத்திப் பேசிப் பார்த்திருக்கிறேன்.

"பூங்கா ரேடியோ வைக்கிறவன் பேசறேங்க. தலைவரைப் பத்தி ரேடியோல இதுவரைக்கும் ஒரு சேதியும் சொல்லல. பாட்டு நின்னு வீணை வந்துச்சு. நான் பயந்து போய் பலகைய அழிச்சுட்டேன். அது என் தப்பு. தடங்கல்னு இப்ப ரேடியோலயே சொல்லிட்டாங்க. அடுத்த சேதி ஏழேகாலுக்கு. அதுக்கு முன்னாடி யார் எது சொன்னாலும் அது சேதி இல்லீங்க."

இரண்டு தரம் சொன்னேன். ரஹீம் பாய் பாதி ஷட்டரைத் தூக்கிக் குனிந்து எட்டிப் பார்த்தார். "நீதானாப்பா பேசுனது? குரல் நடுங்குச்சு. அதான் நெஜமா இருக்கும்னு தோணுச்சு" என்றார்.

அக்காவும் வசந்தாவும் நானுமாக பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். வேலூர் பஸ் ஓரமாக நின்றது. டிரைவர் ஸ்டீயரிங் மேல் கையை வைத்துப் படுத்திருந்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"ஸ்பீக்கர்ல கேட்டேன். இந்த ஊர்ல கேட்டுச்சு, சரி. வழியில போளூர்ல உன் ஸ்பீக்கர் இருக்குதா? லாரிக்காரன் ஒருத்தன் இங்கேர்ந்து போயி அரை மணி நேரம் ஆச்சு. அவன் வாய் சும்மா இருக்குமா? கண்ணாடி ஒடஞ்சா நீ வந்து ஒட்டுவியா?"

"இந்தப் பொண்ணுக்கு காலைல நேர்காணல்ங்க. இது போனா வேற கெடையாது."

"அப்ப ஒண்ணு பண்ணு. நீயும் ஏறு. முன் சீட்டுல, எனக்குப் பக்கத்துல உக்காரு. கல்லு வந்தா மொதல்ல உனக்கு வரட்டும். சம்மதம்னா எடுக்கறேன்."

என் வாழ்க்கையில் வேலை நேரத்தில் பூங்காவை விட்டு டீ குடிக்கக்கூடப் போனதில்லை. பூங்காவுக்கு ஓடிப்போய் செட்டை அணைத்தேன், அறையைப் பூட்டினேன், பூட்டை இழுத்துப் பார்த்தேன், மறுபடி இழுத்துப் பார்த்தேன். ரஹீம் பாய் கேட்காமலே டிரான்சிஸ்டரை எடுத்துக் கையில் கொடுத்தார். "பேட்டரி புதுசு. கீழ மட்டும் போட்றாதே" என்றார்.

வசந்தாவும் அக்காவும் எனக்குப் பின் சீட்டில். மொத்தம் பதினைந்து பேர் இருப்போம். போளூர் எல்லையில் டீக்கடை பெஞ்சுகளைச் சாலைக்குக் குறுக்கே போட்டு வைத்திருந்தார்கள். முப்பது நாற்பது பேர். டிரைவர் பிரேக் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை.

தலையில் துண்டு கட்டிய ஒருவர் என் ஜன்னலுக்கு வந்தார். "தலைவர் செத்துக் கெடக்கறாரு. உங்களுக்கு பஸ்ஸு கேக்குதா? எறங்குங்கடா எல்லாரும்."

மணி ஏழு பன்னிரண்டு. "அண்ணே, இன்னும் மூணு நிமிஷத்துல சேதி. ரேடியோ இருக்குது. எல்லாரும் கேப்போம். போய்ட்டாருன்னு சொன்னா நாங்களே எறங்கி உங்களோட உக்காந்துக்கறோம்" என்றேன். இது நான் யோசித்துச் சொன்னதில்லை. ஏழேகால் செய்திக்கு முன்னால் யாரும் சண்டை போட மாட்டார்கள் என்று பூங்காவில் பார்த்துப் பார்த்து எனக்குள் ஊறியிருந்தது.

இறங்கி டிரான்சிஸ்டரை பஸ்ஸின் மூக்கின் மேல் வைத்தேன். இரைச்சல். கிழக்கே திருப்பினேன், குரல் வந்தது. கை எடுத்தால் போய்விடுகிறது. கையால் பிடித்துக்கொண்டே நின்றேன். என்ஜின் சூடு தாங்கவில்லை, ஆனால் எடுக்க முடியுமா. கூட்டம் முழுவதும் என் மேல் கவிழ்ந்தது. தலைப்புச் செய்தியில் பிரதமர் எங்கோ எதையோ திறந்து வைத்தார். அப்புறம் வெளிநாட்டில் ஏதோ ஒப்பந்தம். அப்புறம் வெள்ளம். நாலாவதாகத் தலைவர் பெயர் வந்தது. உடல்நிலையில் முன்னேற்றம் இருக்கிறது, இன்று கொஞ்சம் கஞ்சி சாப்பிட்டார் என்று டாக்டர்கள் சொன்னதாக வாசித்தார்கள்.

துண்டுக்காரர் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதாரோ என்னவோ. பிறகு கோபம் வந்துவிட்டது. "போய்ட்டாருன்னு மொதல்ல சொன்னவன் எவன்டா?"

டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "எங்க ஊர்ல ஒரு பயந்தாங்கொள்ளி இருக்கறான். அவன் பண்ண வேலை" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

நானும் வாயைத் திறக்கவில்லை. பெஞ்சுகளை அவர்களே இழுத்துப் போட்டார்கள்.

பஸ் கிளம்பியதும் ரேடியோவை அணைக்கப் போனேன். "இருக்கட்டும், ஓடட்டும்" என்றார் டிரைவர். அடுத்து வந்தது, தென்னையில் குரும்பைப் பிஞ்சு உதிர்வதைத் தடுப்பது எப்படி என்று ஒரு பேச்சு. பேசியவருக்குச் சளி பிடித்திருந்தது. அந்த பஸ்ஸில் தென்னை மரம் வைத்திருப்பவர் எத்தனை பேர் என்று தெரியாது. ஆனால் கண்ணமங்கலம் வரைக்கும் ஒருத்தரும் பேசாமல் கேட்டார்கள். நடுவில் அஞ்சலை அக்கா மட்டும், "மரத்துக்கு அஞ்சு கிலோ உப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். வசந்தா அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் நேர்காணலுக்கு நேரத்தோடு போனாள், தேர்வும் ஆனாள். அந்தத் தலைவரும் குணமாகி வீட்டுக்குப் போனார். எனக்கு மெமோ வந்தது. இரண்டு கேள்விகள். அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கியில் பேசியது ஏன்? பணி நேரத்தில் அறையைப் பூட்டிவிட்டு வெளியூர் சென்றது ஏன்?

எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. மூன்று நாள் யோசித்து ஒரே வாக்கியம் எழுதினேன்: 'உறுதியான செய்தி இல்லாமல் நான் பலகையை அழித்ததே எல்லாவற்றுக்கும் காரணம்.' அதை எடுத்துக்கொண்டு போய் கமிஷனர் மேஜை முன்னால் நின்றேன். வேலை போய்விடும் என்றே முடிவு செய்திருந்தேன். சாவிக்கொத்தை ஒப்படைப்பதற்காகக் கையிலேயே வைத்திருந்தேன்.

அவர் படித்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"பலகைய பத்தி மெமோல ஒண்ணும் கேக்கலையேய்யா. அத ஏன் எழுதுன?"

"அதுதான் சார் தப்பு. நீங்க கேட்ட ரெண்டும் தப்பு இல்லீங்க சார். உத்தரவ மீறினது மட்டும்தான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் பேனாவை எடுத்து 'எச்சரிக்கப்பட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகச் சொல்வார் என்று நின்றேன்.

"சேதிக்கு அப்புறமும் அந்த பஸ்ஸுல ரேடியோ ஓடுச்சாமே. என்ன போட்டான்?"

"தென்னங்குரும்பை உதிர்றத பத்தி ஒருத்தர் பேசினார் சார்."

"நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு சார்" என்றேன்.